பிள்ளைகளோடு கடற்குளிப்பு: வெள்ளவத்தை, கல்கிசை, ஹிக்கடுவை, பொல்ஹேன எப்படி?

கொழும்பில் எந்தத் தெருவால் மேற்கே நடந்தாலும் கடலில்தான் முடியும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையை நம்பி இறக்கக்கூடிய கடல் அவ்வளவு பக்கத்தில் இல்லை. மணலின் நிறத்தையும் கரையிலுள்ள சாப்பாட்டுக் கடையையும் பார்த்தே பலர் இடம் தெரிவு செய்கிறார்கள். முதலில் பார்க்கவேண்டியது அலை எங்கே உடைகிறது என்பதை. வெளியே கற்பார், அதாவது கடலுக்குள் கிடக்கும் பாறை அல்லது பவளத் திட்டு, இருந்து, அலை அதில் மோதி உடைந்தால், உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரு குளம். அலை நேரே கரைக்கு வந்து பிள்ளையின் காலடியில் உடைந்தால், அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் குடும்பத்துக்கு உதவாது. கீழே சொல்லும் நான்கு கரைகளையும் இந்த அளவுகோலால்தான் அளந்திருக்கிறோம்.

இவை எல்லாம் டிசம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரைக்குமான கணக்கு. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலையைத் தூக்கிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் கொழும்பிலிருந்து மாத்தறை வரை பிள்ளைகளைக் கால் நனைக்க விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளித்தே ஆகவேண்டுமென்றால் பாசிக்குடா அல்லது நிலாவெளி. அப்போது கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். பாசிக்குடாவில் நெடுந்தூரம் உள்ளே போனாலும் பெரியவருக்கு இடுப்பளவுதான் தண்ணீர்.

வெள்ளவத்தையில் இருந்து தொடங்குவோம், நம்மவர்களில் பாதிப்பேருக்கு வீட்டு வாசற்கடல் அதுதானே. மரீன் டிரைவுக்கும் தண்ணீருக்கும் நடுவே ரயில் பாதை. பாதையைக் காக்கக் கொட்டிய பாறாங்கற்கள் அடுத்தது. அதற்கப்பால் சில இடங்களில் மட்டும் ஒரு துண்டு மணல். கின்ரோஸ் பக்கத்துக் கடலில் கற்பார் உண்டு, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு அது அருமையான இடம். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றே சொல்வோம். கற்களில் அலை ஏறி இறங்கும் பகுதியெங்கும் பச்சைப் பாசி. அதில் வைத்த கால் வழுக்கினால் இரண்டு கற்களின் இடுக்கில்தான் போய் நிற்கும், அடுத்த அலை வருமுன் அதை எடுக்க நேரமிருக்காது. காய்ந்து வெளிறிய கல்லில் உட்காரலாம். ஈரமாகக் கறுத்திருக்கும் கல்லில் ஏறவே கூடாது. ரயில் இன்னொரு கவலை. இரட்டைப் பாதை என்பதால் ஒரு ரயில் போன கையோடு எதிர்ப்பாதையில் மற்றது வரலாம். கடலிரைச்சலில் சத்தம் பிந்தித்தான் காதில் விழும். பிள்ளையின் கையை அல்ல, மணிக்கட்டைப் பிடித்துக் கடவுங்கள்.

தண்ணீரின் சுத்தமும் இங்கே பெரிய கேள்வி. வெள்ளவத்தைக் கால்வாயும் தெகிவளைக் கால்வாயும் இந்தக் கரையில்தான் கடலில் விழுகின்றன. பெருமழை பெய்தால் நகரத்து அழுக்கு முழுவதும் அவற்றோடு வரும். மழை விட்டபின் குறைந்தது 2 நாள், முடிந்தால் 3 நாள் பொறுங்கள். மற்ற நாட்களிலும் கால்வாய் வாயிலிருந்து நன்றாகத் தள்ளியே நில்லுங்கள்.

கல்கிசைக்கு வருவதில் பல வசதிகள்: ஸ்டேஷனில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் மணல், சாப்பாட்டுக்குக் கடைகள், பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நட்டிருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே மட்டும் குளியுங்கள். தனிச் சிவப்புக்கொடி என்றால் இறங்கவே வேண்டாம். குறை கரையின் சரிவில்தான். வெளியே அலையைத் தடுக்க ஒன்றுமில்லாத இடங்களில் அது மணலிலேயே குத்தி உடைகிறது, திரும்பும் தண்ணீர் காலடி மணலை உருவிக்கொண்டு போகிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகூட முழங்காலளவு தண்ணீரில் விழுந்து உருளும். போன வருட ஆழத்தை இந்த வருடம் நம்பவும் முடியாது. 2020இல் இந்தக் கரையில் கடல்மணல் கொண்டுவந்து கொட்டினார்கள், அதில் ஒரு பகுதியை அந்தப் பருவக்காற்றே திரும்ப அள்ளிக்கொண்டு போனது. ஆகவே ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு பெரியவர் இறங்கிப் பார்க்கட்டும். பத்து எட்டு வைப்பதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்தால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். பழைய ஆளுநர் மாளிகை நிற்கும் பாறைமுனையின் அடிவாரத்துக்குப் போகவேண்டாம்.

கல்கிசைக்கு நல்ல நேரம் காலை ஆறரை முதல் ஒன்பது. ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். அலை தட்டையாகும், தண்ணீர் தெளியும். ஆனால் அதே காற்றுத்தான் காற்றடைத்த வளையங்களையும் மெத்தைகளையும் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும்; பிள்ளை அதில் படுத்திருந்தால், நீந்தி எட்டுவதற்குள் தூரம் கூடிவிடும். கடலுக்கு வளையம் கொண்டுபோகவே வேண்டாம். நெஞ்சோடு இறுகக் கட்டும், பிள்ளையின் நிறைக்கேற்ற உயிர்காப்பு அங்கி வாங்குங்கள். கட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், அங்கி காதுவரை ஏறினால் அது பெரிய சைஸ்.

ஹிக்கடுவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கடற்பூங்காவுக்குள் கற்பார் அலையைத் தடுப்பதால் கரையோரம் ஆழமற்ற, அடங்கிய தண்ணீர். 1998இல் கடல் சூடேறிப் பவளத்தில் பெரும்பகுதி வெளிறிச் செத்தது. செத்த பவளம் துண்டாக உடைந்து அடியில் கிடக்கிறது, வெறுங்காலைக் கிழிக்கும். கண்ணாடிப் படகுகள் குளிப்பவர்களுக்குப் பக்கத்தாலேயே ஓடுவதுதான் எங்களுக்குப் பிடிக்காதது. பிள்ளைகளைப் படகுத் தடத்துக்கு உட்பக்கமாகவே வைத்திருங்கள்.

ஒரு நாளைச் செலவழிக்கத் தயாரென்றால் பொல்ஹேனவுக்குப் போங்கள். மாத்தறை நகருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது. ரயிலில் மாத்தறை வரை போய் ஆட்டோ பிடிக்கலாம். வாகனமென்றால் கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறி மாத்தறை வெளியேறலில் இறங்கவேண்டும். கரைக்குச் சமாந்தரமாகக் கற்பார் நீண்டு கிடக்கிறது. அலைகள் அதில் வெள்ளையாக உடைந்து சிதற, உள்ளே பெரும்பகுதி பெரியவரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட ஆழம். நீந்தப் பழகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கடல் தென்மேற்கில் நாங்கள் சொல்லத் தெரியோம். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் இருந்தால் அந்த ஆழத்திலேயே வண்ணமீன்கள் தெரியும், பாசி மேயும் ஆமையும் சில நாள் தெரியும். ஆமையைத் தொடவோ தீனி காட்டிக் கூப்பிடவோ விடாதீர்கள். அது மூச்செடுக்க மேலே வரும்போது வழிவிட்டு நின்றால் போதும்.

ஞாயிறும் போயாவும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள், அந்தச் சந்தடியில் உங்கள் பிள்ளையின் தலையைப் பிரித்தறிவதே பாடு. வாரநாளில் போவது நல்லது. முடியாவிட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பளிச்சென்ற செம்மஞ்சள் சட்டை. நீலமும் சாம்பலும் தண்ணீருக்குள் மறைந்துவிடும்.

கற்பார் உள்ள எந்தக் கரையிலும் ஒரு ஆபத்து மறைந்திருக்கிறது. பாரைத் தாண்டி உள்ளே கொட்டும் தண்ணீர் எங்காவது வெளியே போகவேண்டுமே. அது பாரில் உள்ள இடைவெளியைத் தேடித்தான் ஓடும். அங்கே அலை உடையாது, நீர் சற்றுக் கறுத்து, அமைதியாகத் தெரியும். பழக்கமில்லாதவர் கண்ணுக்குக் குளிக்கச் சிறந்த இடமாகப் படுவது அதுதான். இறங்குமுன் பத்துப் பதினைந்து நிமிடம் கரையில் நின்று, வெள்ளை நுரை எங்கே அறுகிறது என்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்துபோகும் என்பதால் இரண்டு நிமிடப் பார்வை போதாது. அந்த அறுந்த இடத்துக்கு நேரே கரையில் ஒரு குடையோ பையோ வைத்து, அதற்கு இப்பால் மட்டும் குளிக்கச் சொல்லுங்கள். மீறி யாரும் இழுபட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது, அதில்தான் களைத்து மூழ்குகிறார்கள். மிதந்து, கையை உயர்த்தி, கரைக்குச் சமாந்தரமாக நுரை உடையும் பக்கம் நீந்தவேண்டும். மற்றவர் பாய்ந்து பின்னால் போகாமல், காலியான மூடிய பெரிய பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி எறியட்டும்.

காலுக்கு, குதிகாலையும் மூடும் மெல்லிய ரப்பர்ச் சப்பாத்து வேண்டும். சிலிப்பர் முதல் அலையிலேயே கழன்றுவிடும். கல்லிடுக்குகளில் கறுத்த ஊசிகள் சிலிர்த்து நிற்கும் கடல்முள்ளிகள் உண்டு. குத்தினால் நகத்தால் நோண்டவேண்டாம், முள் உள்ளே முறிந்து தங்கிவிடும். பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் 30 நிமிடம் தொடக்கம் ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருந்தால் வலி தணியும். பிள்ளை என்றால் சூட்டைப் பெரியவர் கைவிட்டுப் பார்த்தபின்தான். வெளியே நீட்டியிருக்கும் முள்ளைச் சாமணத்தால் நேராக இழுக்கலாம். மூட்டருகே குத்தியிருந்தால், அல்லது அடுத்தநாள் வீங்கிச் சிவந்தால் ஆஸ்பத்திரிதான். பவளக் கீறலை நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு அன்றே கழுவுங்கள், சின்னக் கீறலென்று விட்டால் புண்ணாகும். சூட்டுத் தண்ணீருக்கு ஒரு ஃப்ளாஸ்க், கழுவுவதற்கு இரண்டு பெரிய போத்தல் தண்ணீர், சாமணம், இவற்றைத் துவாய்களோடு ஒரே பையில் வையுங்கள். 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ்: இரண்டு இலக்கங்களும் கரையில் இருக்கப்போகும் பெரியவரின் போனில் இருக்கட்டும். அந்த ஒருவர் அன்று தண்ணீரில் இறங்குவதில்லை.