வாஷிங்டன் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம்: நிலவறையில் ஒரு ஜனநாயகப் பாடம்

வாஷிங்டனில் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தைக் கறுப்பின மக்களின் கதை சொல்லும் இடம் என்று மட்டும் எண்ணிப் போகிறவர்கள் பாதியைத் தவறவிடுவார்கள். அமெரிக்காவின் சட்டங்கள் யாரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டன, வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவற்றை எப்படித் தமக்கும் உரியதாக்கிக்கொண்டார்கள் என்று மாணவர்களுக்கு விளக்க விரும்பும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல வகுப்பறை அந்நகரில் இல்லை என்பது என் கருத்து. நாடாளுமன்றம் கூடும் கேப்பிட்டல் கட்டடத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

வரலாற்றுக் கூடங்கள் தரைக்கு அடியில் இருக்கின்றன. மின்தூக்கி இறங்க இறங்க ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று 15ஆம் நூற்றாண்டில் நிற்கின்றன. முதல் கூடத்தில் நெடுநேரம் நிற்கவைப்பது, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிப் பின்னர் அதிபருமான தாமஸ் ஜெஃபர்சனின் சிலை. அவருக்குப் பின்னால் செங்கற்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவர் தம் வாழ்நாளில் அடிமைகளாக வைத்திருந்த 600க்கும் மேற்பட்டோரின் நினைவாக எழுப்பப்பட்ட அந்த அடுக்கில் அவர்களுடைய பெயர்களைப் படிக்கலாம். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய கையையும் அந்தப் பெயர்களையும் ஒரே பார்வையில் காணும்படி அமைத்திருப்பதால், தனியாக விளக்கவுரை தேவைப்படவில்லை. அருகில் நிற்கும் சிலைகளுள் எலிசபெத் ஃப்ரீமனைக் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1780இல் ஏற்ற அரசியலமைப்பு மனிதர் அனைவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று சொன்னபோது, அடிமையாக இருந்த அவர் அந்த வாசகத்தையே பிடித்துக்கொண்டு வழக்காடி, அடுத்த ஆண்டே விடுதலை பெற்றார். அருங்காட்சியகம் முழுவதற்கும் திறவுகோல் இந்தச் சிலைதான்.

அடுத்த காலப்பகுதியில் தென்மாநில ரயில் பெட்டி ஒன்றினுள் நடந்து பார்க்கலாம். வெள்ளையருக்கான பகுதியில் விசாலமான ஓய்வறை. கறுப்பினத்தவருக்கான பகுதியிலோ கழிவறைகூடச் சிறியது. பிரித்து வைத்தாலும் சமமே என்று 1896இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இதற்குமேல் ஒரு பாடநூலால் மறுத்துவிட முடியாது.

1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் சவப்பெட்டி தனியறையில் இருக்கிறது. அங்கே படமெடுக்க அனுமதியில்லை. கொலையாளிகளை விடுவித்த நடுவர் குழுவில் (ஜூரி) ஏன் வெள்ளையர் மட்டுமே இருந்தார்கள் என்று மாணவர்களிடம் கேட்க வேண்டும். நடுவர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டார்கள், அந்தப் பட்டியலில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்ற விடை கிடைக்கும்போது, கறுப்பினத்தவர் வாக்காளராவதற்கு இருந்த தடைகளை அகற்ற வந்த 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தேர்தல் நாளோடு முடிந்துவிடும் விஷயமன்று என்பது விளங்கும்.

எனக்குள்ள ஒரே மனக்குறை, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றியது. அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தம், குடியுரிமை தந்த 14, வாக்குரிமையில் இனப் பாகுபாட்டைத் தடுத்த 15 ஆகிய மூன்றும் 1865க்கும் 1870க்கும் இடையில் வந்தவை; முதல் கறுப்பின உறுப்பினராக ஹைரம் ரெவெல்ஸ் செனட்டில் அமர்ந்ததும் 1870இல்தான். ஜனநாயகப் பாடத்தின் நடுமையமான இப்பகுதி முதல் கூடத்தின் கடைசியில், கால் ஓய்ந்த நேரத்தில் வருகிறது. ஆசிரியர்கள் முன்கூட்டியே வகுப்பில் நடத்திவிட்டு அழைத்துச் செல்வது நல்லது. குற்றத்துக்கான தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்புக்கு 13ஆம் திருத்தம் விட்டுவைத்த விலக்கைத் தெரிந்துகொண்டு போனால்தான், முன்னாள் பண்ணை நிலத்தில் அமைந்த லூசியானாவின் அங்கோலா சிறைக் காவற்கோபுரம் ஏன் இங்கே நிற்கிறது என்பதும் புரியும்.

அனுமதி இலவசம், நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். இசைக்கும் விளையாட்டுக்கும் உரிய மேல்தளங்கள் கலகலப்பானவை என்றாலும், ஒரு நாள்தான் கையில் உண்டென்றால் அவற்றை விட்டுவிட்டு நிலவறையிலேயே நேரத்தைச் செலவிடலாம். நேரில் போக இயலாதவர்களுக்கு அருங்காட்சியகத்தின் இணையக் காட்சிக்கூடம் இருக்கிறது.