கருப்பு கிரானைட் மேடையும் ஒன்பது வருடக் கீறல்களும்

சித்தி மகள் கரூரில் வீடு கட்டுகிறாள். போன வாரம் போன் செய்து, "அக்கா, உங்க வீட்ல இருக்கிற மாதிரியே கிச்சன் மேடைக்குக் கருப்பு போட்டுடலாமா?" என்று கேட்டாள். அதற்குப் பத்து நாள் முன்னால்தான் எங்கள் மேடைக்கு மறுபடி பாலிஷ் போட்டு முடித்திருந்தோம். ஜன்னல் கம்பி வரைக்கும் தெறித்திருந்த கல் சேற்றைத் துடைத்த எரிச்சல் அடங்காத நேரம், அதனால் "போடவே போடாதே" என்று கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன். அவளுக்கு நிதானமாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நியாயமாக ஒன்று. கல்லின் உறுதியில் எந்தக் குறையும் இல்லை. ஒன்பது வருடமாகக் கொதிக்கிற குக்கரை நேராக இறக்கி வைக்கிறோம், புளிக்கரைசல், மஞ்சள், மீன் குழம்பு எல்லாம் கொட்டியிருக்கிறது, ஒரு கறை கிடையாது. குட்டி அம்மிக் குழவி ஒரு தடவை கை நழுவி மேலே விழுந்தது, கல்லில் விரிசல் இல்லை.

ஆனால் கீறல். காலையில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் சாய்ந்து மேடைமேல் விழும் பாருங்கள், அப்போது சிங்க்கில் இருந்து அடுப்பு வரைக்கும் மயிரிழை மாதிரி கோடுகள், வட்ட வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக எழுந்து வரும். மேல் அலமாரிக்கு அடியில் எல்இடி பட்டை விளக்கு போட்ட பிறகு ராத்திரியிலும் அதே காட்சிதான். வெளிர்நிறக் கல்லில் இதே கீறல் இருந்தாலும் புள்ளிகளுக்கு நடுவில் மறைந்துவிடும். பளபளக்கும் கருப்பு எதையும் மறைக்காது.

மூன்று வருடம் நான் அத்தையைத்தான் மனதுக்குள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எவர்சில்வர் குண்டானைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்து இழுத்துதான் வைப்பார். இழுத்த இடத்தில் சாம்பல் நிறக் கோடு விழும். அப்புறம் ஒரு நாள் அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தேன், நகம் எங்கேயும் தட்டவில்லை. ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஈரத்துணியால் தேய்த்தேன், கோடு போயே போய்விட்டது! அது கீறலே இல்லை, பாத்திரத்தில் இருந்த உலோகம் கல்லில் தேய்ந்து ஒட்டியிருக்கிறது. அவரிடம் முகம் கொடுக்காமல் இருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

உண்மையான காரணம் மணல். எது எதைக் கீறும் என்று சொல்ல மோஸ் கடினத்தன்மை அளவு என்று ஒன்று உண்டு, 1 முதல் 10 வரை, எண் கூடியது குறைந்ததைக் கீறும். அதில் எவர்சில்வர் சுமார் 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. கடையில் கருப்பு கிரானைட் என்று விற்பது புவியியல் கணக்கில் பெரும்பாலும் கிரானைட்டே இல்லை, டோலரைட், காப்ரோ என்னும் கருநிற எரிமலைக் குழம்பு உறைந்த வகைக் கல். சாதாரண கிரானைட்டில் நிறைய இருக்கும் குவார்ட்ஸ் இதில் அநேகமாகக் கிடையாது, கடினம் 6 பக்கம்தான் வரும். அதனால் மணல் இதை நன்றாகவே கீறும். நான் என்ன செய்தேன் என்றால், தினமும் கீரைக்கட்டை மேடையிலேயே பிரித்து ஆய்ந்துவிட்டு, வேரில் இருந்து உதிர்ந்த மண்ணைக் கம்பி நாரோடு சேர்த்து அழுத்தித் தேய்த்திருக்கிறேன். அந்த வட்டக் கோடுகள் எல்லாம் என் கை போட்டவை. டேபிள் டாப் கிரைண்டரை ஒரு நாள் சாய்த்துப் பார்த்தேன், அடியில் இருக்கும் ரப்பர் காலில் ஒரு மணல் பொடி அப்படியே புதைந்து உட்கார்ந்திருந்தது. மாவாட்டும் நாளெல்லாம் அந்தக் காலைச் சுவரோரத்தில் இருந்து முன்னால் இழுத்திருக்கிறோம், அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நகம் தட்டும் அளவுக்குக் கோடு.

செய்து பார்த்த வைத்தியங்களில் தேங்காய் எண்ணெய் ஒரு நாள் மறைக்கும், மறுநாள் பிசுக்கில் தூசி ஒட்டும். கடைக்காரர் கொடுத்த கருப்பு மெழுகு பத்து நாளில் கைத்துணிக்கு வந்துவிட்டது. இதெல்லாம் வீண் செலவு.

பாலிஷ்தான் சரியான வழி, ஆனால் அதிலும் முதல் தடவை அடி வாங்கினோம். வந்தவர் சிங்க் பக்கம் ஒன்றரை அடி மட்டும் போட்டால் போதும் என்றார். போட்ட இடம் ஒரு பளபளப்பு, மற்ற இடம் வேறு பளபளப்பு, திட்டு போட்ட மாதிரி ஆகிவிட்டது. பணத்தை வாங்கிக்கொண்டு போனவர் அப்புறம் போனே எடுக்கவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது.

இந்தத் தடவை வேறு மேஸ்திரி. அடுப்பைக் கழற்றி, சுவருக்குப் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே 400, 800, 1500, 3000 என்று டைமண்ட் பேடுகளை (நம்பர் கூடக் கூட நைசாகத் தேய்க்கும்) வரிசையாக மாற்றி, முழு மேடையையும் ஒரே சீராக இழுத்தார். ஒரு நாள் முழுக்க வேலை, கூலி 4,500 ரூபாய். கிரைண்டர் கோடு மட்டும் போகவில்லை. "இதை எடுக்கணும்னா அம்பது நம்பர்ல இருந்து ஆரம்பிக்கணும்மா, அப்புறம் அந்த இடம் பள்ளம் தட்டும்" என்றார். விட்டுவிடச் சொன்னேன்.

இப்போது கீரை தாம்பாளத்தில்தான், கம்பி நார் மேடைக்கு வருவதே இல்லை, கிரைண்டருக்கு அடியில் கனமான ரப்பர் பாய்.

சித்தி மகளுக்கு என் பதில்: சாம்பலும் வெள்ளையும் கலந்த புள்ளிக் கல் போடு. கருப்புதான் வேண்டும் என்றால் பளபளப்பு வேண்டாம், தோல் மாதிரி லேசாகச் சொரசொரப்பாக, மினுக்கம் குறைவாக இருக்கும் லெதர் ஃபினிஷ் கேள், அதில் கீறல் அவ்வளவாகத் தெரியாது.

நேற்று நாலரை மணிக்குப் போய் நின்று பார்த்தேன். கிரைண்டர் கோட்டைத் தவிர ஒன்றுமில்லை, ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரம் இலை இலையாகக் கல்லில் தெரிந்தது. இவ்வளவு அழகு வேறு எந்தக் கல்லுக்கும் வராது. ஆனாலும் அவளுக்குக் கருப்பு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.