ஜே-1 விசாவில் ரெசிடென்சி செய்யும் டாக்டர்களே, என் 1,150 டாலர் போன விதம் இது

ஆத்திரம் அடங்காமல் எழுதுகிறேன். 1,150 டாலர். நம்ம ஊர்க் காசுக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம். ரெசிடென்சி சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது.

2023 ஜூன் கடைசியில், ரெசிடென்சி என்னும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்காக ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அமெரிக்கா வந்தேன். அடுத்த மார்ச்சில் முதல் வரிக் கணக்கு. ஒரு வருஷம் சீனியர் ஒருத்தர், "நான் இவங்ககிட்டதான் பண்ணேன், சீக்கிரமே ரீஃபண்ட் வந்துடுச்சு" என்று நம்பர் கொடுத்தார். அவர் எச்-1பி என்னும் வேலை விசாவில் 2022-லேயே வந்தவர். அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பெயர் சொல்லப்போவதில்லை, வெளிநாட்டு டாக்டர்களுக்கென்றே வாட்ஸ்அப்பில் ஆள் பிடிக்கிற ஆன்லைன் வரி நிறுவனம் அது.

நைட் டியூட்டி முடிந்து பார்க்கிங்கில் கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்த நிறுவனத்து ஆளிடமிருந்து போன் வந்தது. "டாக்டர் சார், சாப்டீங்களா? குரலே சரியில்லயே." பல நாளாக யாரும் என்னைத் தமிழில் அப்படிக் கேட்கவில்லை. அங்கேயே நம்பிவிட்டேன். காருக்குள் உட்கார்ந்து டபிள்யூ-2வை (வருஷச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சீட்டு) போட்டோ எடுத்து அனுப்பினேன். 4-ஆம் கட்டத்தில் 2,046, 6-ஆம் கட்டத்தில் 478.50. "பாத்தீங்களா சார், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் ரெண்டும் புடிச்சிருக்காங்க. உங்க விசாவுக்குப் புடிக்கவே கூடாது. 2,500 டாலருக்கு மேல சார், விட்ருவீங்களா?"

அவர் சொன்னது உண்மை. அந்த ஒரு உண்மையைக் காட்டித்தான் என்னை வளைத்தார். வரி ரிட்டர்ன் போட 350, பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கித் தர 800. அந்த இடத்திலேயே அனுப்பினேன்.

ஏப்ரலில் கேட்டால் "ஃபைல் பண்ணியாச்சு சார்". ஜூலையில் "ஐஆர்எஸ்ல டிலே சார்" (அமெரிக்க வரித் துறை). அக்டோபரில் "உங்க ஃபைல் பாத்த பொண்ணு லீவு". தீபாவளிக்கு விளக்குப் படம் போட்டு ஒரு வாழ்த்து. ஜனவரியிலிருந்து என் மெசேஜுக்கு ஒற்றை டிக் மட்டும். பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கும் 843 படிவம் அனுப்பிய தபால் ரசீது ஒன்று கேட்டேன், அதுகூட இல்லை.

2024 கணக்குக்காகப் போன வாரம் வேறொரு அக்கவுண்டன்ட் அம்மாவிடம் போனேன். பழைய ரிட்டர்னைப் பார்த்ததும் "இது யாரு 1040 போட்டது?" என்றார். அது வரிக்கு ரெசிடென்ட், அதாவது உள்நாட்டவராக, எண்ணப்படுபவருக்கான படிவம். ஜே-1 டாக்டருக்கு முதல் 2 காலண்டர் வருஷ நாட்கள், அப்படி ரெசிடென்ட் ஆவதற்கான 183 நாள் கணக்கில் வராது. 2023, 2024 இரண்டிலும் நான் நான்ரெசிடென்ட். நான்ரெசிடென்டுக்கான 1040-என்ஆரும், அந்த நாட்கள் கணக்கில் வராததைக் காட்டும் 8843-ம் போட வேண்டியவன். எச்-1பிக்கு முதல் நாளிலிருந்தே எண்ணுவார்கள். ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை மட்டுமே 184 நாள், 183-ஐத் தாண்டிவிடும். சோஷியல் செக்யூரிட்டியும் முதல் சம்பளத்திலிருந்தே பிடிப்பார்கள். சீனியருக்குச் சரியாக இருந்த அச்சிலேயே என்னையும் வார்த்திருக்கிறார்கள்! நான்ரெசிடென்ட் பொதுவாக எடுக்கவே முடியாத 13,850 டாலர் ஸ்டாண்டர்ட் டிடக்ஷனை (வருமானத்தில் நேராகக் கழிக்கும் தொகை) எனக்கு எடுத்திருக்கிறார்கள். ரிட்டர்னில் என்னை ரெசிடென்ட் என்று எழுதிவிட்டு, நான்ரெசிடென்டுக்கு மட்டும் உரிய பணத்தை வாங்கித் தருகிறேன் என்று 800 டாலர் வாங்கியிருக்கிறார்களே, இதை என்னவென்று சொல்வது? தயாரித்தவர் கையெழுத்து போட வேண்டிய இடம் காலி. நானே போட்டுக்கொண்டதாக இருக்கிறது.

இப்போது 1040-எக்ஸ் போட்டுத் திருத்தி, கூடுதலாக வந்த ரீஃபண்டை வட்டியோடு கட்ட வேண்டும். வயிறு எரிவது இன்னொன்றுக்கு. எங்கள் ஆஸ்பத்திரி பேரோல் அலுவலகத்தில் என் ஜே-1 விசாவுக்கான தாள் டிஎஸ்-2019-ஐக் காட்டினேன். "இத முதல்ல எங்ககிட்டதானே கேட்கணும்? நாங்களே திருப்பித் தந்து டபிள்யூ-2வைத் திருத்தித் தருவோம்" என்றார்கள். பைசா செலவில்லை. அதற்குத்தான் 800 டாலர் அழுதிருக்கிறேன்.

விரிவாக எழுத நினைத்தேன், டியூட்டிக்கு நேரமாகிறது. முதல் சம்பளச் சீட்டிலேயே சோஷியல் செக்யூரிட்டி வரியைப் பாருங்கள். முன்பு எஃப் அல்லது ஜே விசாவில் இருந்திருந்தால் அந்த வருஷங்களையும் சேர்த்து எண்ணுங்கள். வேறு விசாக்காரர் சிபாரிசில் போகாதீர்கள். கையெழுத்தும் பிடிஐஎன் எண்ணும் (ரிட்டர்ன் தயாரிப்பவருக்கு ஐஆர்எஸ் தரும் எண்) போடாதவரிடம் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். 2023-இல் பிடித்ததைக் கேட்க 2027 ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது. ஐஆர்எஸ்ஸுக்குப் புகார் செய்ய 14157 படிவம். என்னுடையதை நேற்று ராத்திரியே நிரப்பிவிட்டேன். 1,150 டாலருக்கான ரசீதுகளையும் அந்த வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும் அதோடு இணைத்திருக்கிறேன்.