டேனியோ மீன்களுக்காக ஒட்டிய கண்ணாடிப் பெட்டி: நான்கு ஆண்டு அனுபவம்

நான்கு ஆண்டுகளாக டேனியோ என்னும் சிறிய தொட்டி மீன்களைப் படமெடுத்து வருகிறேன். கையில் இருப்பது மிக அருகிலிருந்து எடுக்க உதவும் ஒரு 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ், ஒரு ஃபிளாஷ், அப்புறம் நானே சிலிகான் வைத்து ஒட்டிய ஒரு சிறிய கண்ணாடிப் பெட்டி. இந்த மூன்றில் படத்தை மாற்றியது பெட்டிதான்.

கொளத்தூரில் வாங்கிய ஜீப்ரா டேனியோக்களை முதலில் பெரிய தொட்டியிலேயே எடுத்தேன். ஒரு மாதம் ஆகியும் ஒரு படத்திலும் கண் தெளிவாக விழவில்லை. வளர்ந்த மீனே சுமார் 4 செ.மீ.தான், ஓர் இடத்தில் நிற்கவும் செய்யாது. லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/11 வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 3 மி.மீ. ஆட்டோஃபோகஸ் மீனை விட்டுவிட்டுக் கண்ணாடியில் உள்ள கீறலைப் பிடிக்கும்.

பெட்டி 15 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். உள்ளே இன்னொரு கண்ணாடியைச் செருகி அகலத்தை 2.5 செ.மீ. ஆக்கிவிடுவேன். மீன் முன்னும் பின்னும் அதிகம் போக முடியாது. ஃபோகஸைக் கையால் ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும். முதலில் அக்ரிலிக்கில் செய்தேன். துடைத்துத் துடைத்து ஆறு மாதத்தில் மங்கிவிட்டது. கண்ணாடியே நல்லது. மீன் இருந்த தொட்டித் தண்ணீரையே ஊற்ற வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது. பயந்த மீன் நிறம் வெளுத்துவிடும், துடுப்பையும் விரிக்காது. அப்படி எடுத்த படத்தை நான் வைத்துக்கொள்வதில்லை.

வெளிச்சம்தான் நீண்ட நாள் தலைவலி. ஜீப்ராவின் மினுமினுப்பு வெறும் சாயம் இல்லை. இரிடோஃபோர் என்னும் செல்களில் உள்ள குவானின் படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் உடல் முழுக்க ஒரே வெள்ளைத் திட்டு. ஃபிளாஷுக்கு டிரேசிங் பேப்பர் போர்த்திப் பெட்டிக்கு மேலே வைத்தேன். நீலக் கோடுகளுக்கு நடுவே பொன்னிறம் தனியாகப் பிரிந்தது, ஒவ்வொரு செதிலின் ஓரமும் தெரிந்தது. ஃபிளாஷின் சக்தியை முழு அளவில் 1/16 பங்காகக் குறைத்தால் ஒளி வெட்டும் நேரமும் சுருங்கி, வால் அசைவு அப்படியே உறைந்துவிடும்.

ஜீப்ரா டேனியோக்களை வளர்க்கும் ஓர் ஆய்வகத்திலும் இரண்டு ஆண்டுகளாக எடுக்கிறேன். மீன் அறையின் ஈரக் காற்றில் லென்ஸ் உடனே பனித்துவிடும். ஏசியிலிருந்து கொண்டுபோகும் கேமராவைப் பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருப்பேன். அங்கே விளக்கு 14 மணி நேரம் எரியும், 10 மணி நேரம் அணைந்திருக்கும். அணைந்தபின் ஃபிளாஷ் அடிப்பதே இல்லை. 2008இல் உருவாக்கப்பட்ட காஸ்பர் என்னும், உடலுக்குள் இருப்பதும் தெரியும் நிறமற்ற ஜீப்ரா வகைக்கு முறையே வேறு: பின்னால் கறுப்புத் துணி, பக்கத்திலிருந்து ஒளி. பெண் மீனின் வயிற்றுக்குள் முட்டைகள் வரகரிசி போல ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதை அன்றுதான் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஷட்டரை அழுத்தவே தோன்றவில்லை.

வீட்டுத் தொட்டியின் நோய்க்கிருமி ஆய்வகத்துக்குள் போய்விடக் கூடாது என்பதால் அங்கே தனிப் பெட்டி ஒட்டிக் கொடுத்தேன். அது அந்த அறையை விட்டு வெளியே வருவதில்லை. வலையும் அங்குள்ளதுதான்.