கூழை மோனையில் ஓர் அரக்கன் கதை

குன்னூருக்கு நவம்பர் மழையோடு வந்தது புத்தகம். அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனி இன்றைய ஆங்கிலத்தில் தந்த பழைய ஆங்கிலக் காவியம் 'பேயோவுல்ஃப்', இருமொழிப் பதிப்பு, பழைய பிரதி, 450 ரூபாய். 'புதுசு மாதிரி' என்று போட்டிருந்தார் விற்றவர். பிரித்தால் அட்டையெல்லாம் பூஞ்சை. இரண்டு நாள் அடுப்பங்கரைப் பரணில் வைத்துக் காயவைத்தேன். மூலச் சுவடியே 1731 தீ விபத்தில் ஓரம் கருகித் தப்பியதுதானாம். இதற்கு ஈரம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

முப்பது வருஷம் யாப்பு நடத்தியவன் நான். இடப்பக்கத்துப் பழைய ஆங்கிலம் ஒரு சொல்லும் புரியவில்லை. மகள் செல்போனில் யாரோ ஓதுவதைப் போட்டாள். நாலாம் அடி: 'ஓஃப்ட் ஷில்ட் ஷேவிங், ஷெயாதெனா த்ரெயாட்டும்'. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அடிக்கு நாலு அழுத்தம்; முதல் மூன்றில் 'ஷ', நாலாவதில் இல்லை. சீருக்குப் பதில் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் அசல் கூழை மோனை! உயிரெழுத்து என்றால் எதோடும் எது வேண்டுமானாலும் சேருமாம். அதில் நம் ஆட்கள்தான் கறார்.

இதை ஹீனி எப்படிக் கொண்டுவருகிறார்? மன்னன் பெயர் 'ஷீல்ட் ஷீஃப்ஸன்' வரை சரி, அடுத்து 'ஸ்கர்ஜ்' என்கிறார். கண்ணுக்கு மோனை, காதுக்கு இல்லை. வகுப்பில் என்றால் அரை மார்க் குறைத்திருப்பேன். எல்லா அடியிலும் விதியைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார், அதனால் போகட்டும்.

ஆனால் முதல் சொல்லுக்கு முழு மார்க். மூலத்தில் 'ஹ்வாட்'. பலர் 'லோ', 'ஹார்க்' என்று கூவிய இடத்தில் இவர் வெறும் 'ஸோ' என்று போட்டு முற்றுப்புள்ளி வைக்கிறார். வட அயர்லாந்தில் அவர் சொந்தக்காரர்கள் பேச்சைத் தொடங்கும் விதமாம். கூத்தில் கட்டியங்காரன் 'அதாகப்பட்டது' என்றதும் பேச்சு அடங்குமே, அதுதான். 2020-இல் மரியா தவானா ஹெட்லி தன் மொழிபெயர்ப்பை 'ப்ரோ!' என்றே தொடங்கினார். மகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

உடம்புக்கு 'எலும்பு வீடு', கடலுக்கு 'திமிங்கிலச் சாலை' என்று கூட்டுச்சொற்கள். நாம் உடம்பைக் கூடு என்பதில்லையா? 'வேல்-ரோடு' என்ற ஆங்கிலம் இந்தக் காவியத்தை ஆராய்ந்த எழுத்தாளர் டோல்கீனுக்குப் பிடிக்காது. கடலுக்கடியில் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சின் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்பார். மேட்டுப்பாளையம் இறங்கும் மலை ரயில் கூவும்போது படித்தேனா, எனக்கும் கடல் வரவில்லை, எஞ்சின்தான் வந்தது.

அரக்கன் கிரெண்டலும் அவன் தாயும் சாகும்வரை கீழே வைக்க முடியாது. நடுவில் வரும் பழைய சண்டைக் கதைகளில் யார் யாருக்கு மச்சான் என்று புரிய ஒரு தாளும் பென்சிலும் வேண்டும்.

புதுப் பிரதியாகவே வாங்குங்கள். எனக்கு டிராகன் சாகிற இடத்தில் மூன்று தாள் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். 'உங்கள் ஊர் குளிர் சார்' என்று பதில் வந்தது.