தலைவர் முதலில் பேசினால், கடைசியில் பேசினால், சீட்டில் எழுதினால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கோயில் கமிட்டிக்குப் பதினொரு பேர். தைப்பூசக் காவடிக்கு வருகிறவர்களுக்குப் பிரியாணி போட எவ்வளவு அரிசி வாங்குவது என்று போன வருஷம் கூடினோம். தலைவர் ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடிக்கிறவர். உட்கார்ந்ததுமே, "200 கிலோ போட்டுடலாம், என்ன சொல்றீங்க?" என்றார். பத்துத் தலையும் ஆடியது, என்னுடையதும்தான்.

இரண்டு அண்டா மிஞ்சியது. மறுநாள் அண்டா தேய்த்துக்கொண்டே சமையல் அக்கா சொன்னார்: "150 போதும்னு எனக்கு அப்பவே தெரியும் தம்பி. அவரு ஒண்ணு சொன்னப்புறம் நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

தலைவர் முதலில் பேசினால் வேலை சீக்கிரம் முடியும். பந்தி நடுவே கரன்ட் போனால் அப்படி ஓர் ஆள்தான் வேண்டும். மற்ற நேரத்தில் அவர் வாயிலிருந்து விழும் முதல் எண்ணே எல்லார் மனதிலும் ஆணி அடித்து உட்கார்ந்துவிடும். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானெமனும் 1974-ல் எழுதிய சோதனை இதுதான். 10-லோ 65-லோ நிற்கும்படி ஏற்பாடு செய்த சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 பார்த்தவர்கள் சொன்னதன் நடுமதிப்பு 25, 65 பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்களுக்குத் தலைவரின் 200தான் சக்கரம்.

இந்த ஊர் வழி வேறு. ஜூலு மக்களின் இந்தாபா என்னும் ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் பேசி முடிக்கும்வரை பேச்சு ஓயாது. மண்டேலா சிறுவனாக ம்கெகெஸ்வேனியில் வளர்ந்தபோது, தெம்பு மக்களின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஜோங்கின்டாபா கூட்டம் முடியும்வரை வாய் திறக்காமல் கேட்டதைப் பார்த்ததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒத்த கருத்து வராவிட்டால் இன்னொரு நாள் கூடுவார்களாம். பெண்களுக்கு மட்டும் அங்கே பேச்சுரிமை இல்லை, அதையும் அவரே சொன்னார். 2011-ல் டர்பனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் முட்டி நின்ற பேச்சை நகர்த்த இந்தாபா முறையைத்தான் கொண்டுவந்தார்கள்.

எனக்கு இதில் ஆசை அதிகம், சந்தேகமும் உண்டு. துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஆபீசில் மேனேஜர் கடைசியில்தான் பேசுவார். ஆனால் பிடிக்காத பேச்சு வந்தால் பேனாவை டிக் டிக்கென்று அழுத்துவார். அந்தச் சத்தம் கேட்டதும் பேசுகிறவர் சுருதியை மாற்றிவிடுவார். வாயை மூடினால் போதாது, பேனாவையும் மூட வேண்டும்!

மூன்றாவது, துண்டுச் சீட்டு. பேச்சுக்கு முன்பே அவரவர் எண்ணை எழுதிவிடுவது. 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி நடத்திய சோதனையில், முன்பே சொல்லிவைத்திருந்தபடி மற்றவர்கள் எல்லாரும் தப்பாகச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர் அளித்த பதில்களில் மூன்றில் ஒரு பங்கு அந்தத் தப்போடு ஒத்துப்போனது. வாயால் சொல்லாமல் எழுதித் தரச் சொன்னதும் அது வெகுவாகக் குறைந்தது. எண்ணோ பெயரோ என்றால் சீட்டு போதும். மதில் கட்டலாமா என்ற மாதிரி விஷயத்துக்கு உதவாது, அதற்குப் பேசித்தான் ஆகவேண்டும். பதினொரு பேரில் யார் கையெழுத்து எது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

இந்த வருஷம் முதலில் சீட்டு, பிறகு சுற்றிவரப் பேச்சு, தலைவர் கடைசி என்று வைத்தோம். சீட்டுகள் 120-லிருந்து 220 வரை ஓடின. 130 எழுதியவரிடம் ஏன் என்று கேட்டோம். சமையல் அக்காதான். "காவடி வேலை நாள்ல வருது. பசங்க ஸ்கூல்ல இருப்பாங்க. சாயங்காலக் கூட்டம் மட்டும்தான்" என்றார். காலண்டர் சுவரில்தான் தொங்கியது, அதுவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைவர் சீட்டில் மறுபடியும் 200தான். அரை மணி நேரம் வாதாடினோம். 140 வாங்கினோம்.