சொந்தக் காசில் முதல் வகுப்பு: ஒரு திருகோணமலைக்காரரின் கணக்கு

முதல் வகுப்பு விமானப் பயணம் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் கம்பனி காசில் பறக்கிறவர்கள். மீதிப்பேர் அடிக்கடி பறப்பதற்கு விமான நிறுவனம் தரும் மைல் புள்ளி சேர்த்துப் போகிறவர்கள். எனக்கு இரண்டும் இல்லை. நிலாவெளியில் சின்னதாக ஒரு விருந்தினர் விடுதி, வாடகைக்கு ஓடும் வான்கள். அந்த வருமானத்தில்தான் எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் போடுகிறேன். மகள் குடும்பம் ரொறன்ரோவில், மகன் லண்டனில். அதனால் பல வருடங்களாக வருடத்துக்கு ஒரு தடவையாவது நீண்ட பயணம் வந்துவிடுகிறது. எகொனொமி, பிரீமியம் எகொனொமி, பிஸ்னஸ், முதல் வகுப்பு என்று எல்லாவற்றிலும் போயாயிற்று. "நான் போடுறன் அப்பா" என்று மகள் சொல்லத்தான் செய்கிறாள். அது இந்தக் கணக்கில் சேராது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரிலிருந்து போகிறவர் முழுப் பயணத்துக்கும் முதல் வகுப்பு வாங்குவது வீண். ஆனால் கால் நீட்டிப் படுக்கக்கூடிய ஓர் இருக்கை, பயணத்தின் சரியான ஒரு பகுதியில் மட்டும் வாங்கினால், கொடுத்த காசுக்குக் குறைவில்லை. எந்தப் பகுதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவிலிருந்து முதல் வகுப்பு என்றாலே தெரிவுகள் குறைவு. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸில் பிஸ்னஸும் எகொனொமியும் மட்டும்தான். முதல் வகுப்பு வேண்டுமென்றால் வளைகுடா வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ போக வேண்டும். அங்கேயும் அது சுருங்கிக்கொண்டு வருகிறது. கட்டார் எயார்வேஸ் தன் இரண்டு தட்டு ஏ380 விமானங்களில் மட்டும் வைத்திருக்கிறது. எயார் கனடாவில் இல்லவே இல்லை. காரணம் எளிது. முன்பு படுக்கை என்பது முதல் வகுப்புக்கு மட்டும் உரியதாக இருந்தது. 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் எயார்வேஸ் முழுதாகச் சாயும் படுக்கையை பிஸ்னஸ் வகுப்புக்கும் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். 2017இல் கட்டார் எயார்வேஸ் பிஸ்னஸ் இருக்கைக்குக் கதவும் போட்டுவிட்டது. அதற்குமேல் முதல் வகுப்பில் மிச்சம் இருப்பது என்ன? இன்னும் கொஞ்சம் அகலம், மீன்முட்டை, விலை கூடிய ஷாம்பெயின், சில விமானங்களில் குளியலறை.

குளியலறையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஊரில் எல்லோரும் கேட்பது அதைத்தான். எமிரேட்ஸின் ஏ380இல் மேல்தட்டின் முன்பக்கத்தில் பதினான்கு முதல் வகுப்பு அறைகள், அவர்களுக்கு இரண்டு குளியலறை. ஆளுக்கு ஐந்து நிமிடத் தண்ணீர். எவ்வளவு மிச்சம் என்று ஒரு விளக்கு காட்டிக்கொண்டே இருக்கும். முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் சவர்க்காரம் போடுவது ஒரு தரம் நல்ல வேடிக்கைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். இறங்கும்போது முகம் தெளிந்திருந்தது உண்மை. ஆனால் கன்னியாவில் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் வாளி வாளியாக அள்ளி ஊற்றி வளர்ந்த உடம்பு, விளக்கைப் பார்த்துக்கொண்டு குளிக்கிற குளியலை ஒரு குளியலாக ஏற்றுக்கொள்ளவில்லை.

சாப்பாடும் அப்படித்தான். டிக்கெட் விலையில் ஒரு பங்கு போத்தலுக்கும் மீன்முட்டைக்கும் போகிறது. நான் குடிப்பதில்லை, மனைவி வெள்ளிக்கிழமை மரக்கறி. கொழும்பிலிருந்து டுபாய்க்கு நாலரை மணி நேரம்தான். அதிலும் அதிகாலை விமானமென்றால் விரிப்பு விரித்து, தட்டு மாற்றி மாற்றி வைத்துக் கவனிப்பார்கள். அந்த நேரத்தில் யாருக்கு வயிறு திறக்கும்? ஏறி, சாப்பாடு முடிந்து, கண் அயர்ந்தால் இறங்குவதற்கு எழுப்புகிறார்கள். கட்டுநாயக்கா–வளைகுடாப் பகுதிக்கு எந்த உயர்வகுப்பும் வாங்கவேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வது இதனால்தான்.

டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்குப் பதினான்கு மணி நேரம் அளவில் ஆகும். அது வேறு கதை. எகொனொமியில் அந்த நேரத்தைக் கழித்தால் என் முழங்கால் இரண்டு நாளைக்குப் பேசும். பிஸ்னஸில் படுத்தேன், நன்றாகத் தூங்கினேன். முதல் வகுப்பில் படுத்தேன், அதே அளவுதான் தூங்கினேன். மெத்தை அகலம், கதவு, தனியே ஒரு பைஜாமா எல்லாம் உண்டு. கண்ணை மூடியபிறகு அந்த அகலம் யாருக்குத் தெரியப்போகிறது? நான் பார்த்த விலைகளில் பிஸ்னஸ் எகொனொமியைப் போல மூன்று நான்கு மடங்கு. முதல் வகுப்பு அதற்கும் மேலே போய் இன்னொரு தடவை பெருகும். எகொனொமியிலிருந்து பிஸ்னஸுக்கு ஏறும்போது கிடைக்கிற மாற்றம் உடம்புக்குத் தெரியும். பிஸ்னஸிலிருந்து மேலே ஏறும்போது கிடைப்பது பெரும்பாலும் கண்ணுக்கு.

உடம்பு என்று சொன்னதால் இன்னொன்று. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பொதுவாக இருபது வீதத்துக்கும் கீழே. முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் அதே காற்றுதான். தொண்டை காய்வதும் தலை கனப்பதும் வகுப்புப் பார்த்து வருவதில்லை. வித்தியாசம் வேண்டுமென்றால் விமானத்தின் மொடலைப் பாருங்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் உள்ளே இருக்கும் அழுத்தம் ஆறாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பது போல. பழையவற்றில் அது எட்டாயிரம் அடி வரை போகலாம். புதிய விமானத்தில் எகொனொமியில் போய் இறங்கியபோது, பழைய விமானத்தில் பிஸ்னஸில் போய் இறங்கியதைவிடத் தலை இலேசாக இருந்தது எனக்கு.

காலில் இரத்தம் உறைவது பற்றியும் ஒரு பயம் இருக்கிறது. அதை 'எகொனொமி வகுப்பு நோய்' என்று சொல்லி உயர்வகுப்பு வாங்கத் தூண்டுகிறவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு முடிவு வேறு மாதிரிச் சொல்கிறது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் அந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. விமானத்துக்கு மட்டுமல்ல, காருக்கும் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அது பொருந்தும்.

இங்கேதான் திருகோணமலைக்காரருக்கென்று தனிக்கணக்கு தொடங்குகிறது. ஏனென்றால் நமக்குப் பயணம் விமானத்தில் தொடங்குவதுமில்லை, அதில் முடிவதுமில்லை. பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் தேங்காய் உடைத்து, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று கட்டுநாயக்காவுக்கு வான் வண்டியில் ஆறு மணி நேரம். இரவென்றால் ஹபரணைப் பக்கம் யானைக்காக வேகத்தைக் குறைக்கவும் வேண்டும். கொழும்புக்காரர் முதல் வகுப்பு டிக்கெட்டை வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் போய், வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம். வழியில் டயர் போனாலும் நேரம் இருக்கட்டும் என்று நாங்கள் எப்படியும் ஐந்தாறு மணி நேரம் முந்திப் போகிறோம். வரிசையில் மிச்சமாகும் முக்கால் மணித்தியாலம் எங்களுக்கு எதற்கு? வரிசைதான் தொந்தரவென்றால் கட்டுநாயக்காவிலேயே 'சில்க் ரூட்' சேவைக்குத் தனியாகக் காசு கட்டலாம், எந்த வகுப்பு டிக்கெட்டாக இருந்தாலும் சரி.

திருகோணமலையில் இருக்கும் சீனக்குடா விமான நிலையத்துக்குப் பறக்கலாமே என்று கேட்பார்கள். சின்னமன் எயார் சிறிய செஸ்னா விமானம் விடுகிறது. கோணேசர் மலையை மேலிருந்து பார்க்க அருமையான பயணம். ஆனால் கனடாப் பெட்டிகள் அதில் ஏறாது. பெட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது, உயர்வகுப்பில் எனக்கு மனதாரப் பிடித்த சலுகை அதுதான். வட அமெரிக்காவுக்கு எமிரேட்ஸில் பிஸ்னஸிலும் முதல் வகுப்பிலும் முப்பத்திரண்டு கிலோவில் இரண்டு பெட்டி. எகொனொமியில் ஒவ்வொன்றும் இருபத்துமூன்று கிலோதான். பதினெட்டுக் கிலோ மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் கருவாடும் கூடுதலாகப் போகும். கவனியுங்கள், முதல் வகுப்புக்கு என்று இதிலும் மேலதிகம் இல்லை.

உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் காசுக்கு மிகக் கூடிய பெறுமதி தந்த முதல் வகுப்பு திருகோணமலை–கோட்டை இரவு ரயிலின் உறங்கலிருக்கைதான். கால் நீட்டலாம், யாரும் எழுப்பிச் சாப்பாடு தரமாட்டார்கள், விடியும்போது கொழும்பு. ரயில் பிந்தினால் விமானம் போய்விடும் என்ற பயம் மட்டும்தான், அதனால் முதல் நாளே போய்விடுவோம்.

சரி, காசு கொடுத்து ஏமாறக்கூடிய இடங்களையும் சொல்லவேண்டும். வகுப்பு உயர உயர இருக்கைக்குள் மோட்டார்களும் கூடும். பெயர் சொல்லாத ஒரு நிறுவனத்தின் பிஸ்னஸ் வகுப்பில் என் இருக்கை பாதி சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. பணிப்பெண் பாவம், கையால் இழுத்துப் பார்த்தார். விமானம் நிரம்பியிருந்ததால் மாற இடமும் இல்லை. பிறகு ஏதோ மைல் புள்ளி தந்தார்கள். கம்பனி ஆளுக்கு அது ஒரு சிரிப்புக்கதை. நாலு மடங்கு விலையைத் தன் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்தவனுக்கு அப்படியல்ல. இன்னொன்று, விமானத்தை மாற்றிவிடுவது. முதல் வகுப்பு இருக்கும் விமானத்துக்குப் பதிலாக இல்லாத விமானம் வரும், உங்களைக் கீழே இறக்குவார்கள். லண்டனிலிருந்தோ ஐரோப்பிய நகரத்திலிருந்தோ புறப்படுகிற நீண்ட பயணமென்றால் அந்தப் பகுதியின் கட்டணத்தில் எழுபத்தைந்து வீதத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. கட்டுநாயக்காவிலிருந்து வளைகுடா நிறுவனமொன்றில் ஏறுகிறவருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.

'பிஸ்னஸ்' என்ற பெயரை நம்பியும் வாங்கிவிடாதீர்கள். சில நிறுவனங்களின் பழைய போயிங் 777களில் அது இரண்டு-மூன்று-இரண்டு என்ற வரிசை. நடுவில் மாட்டினால் எழும்பிப் போக ஒருவரின் காலைத் தாண்டவேண்டும். இருக்கை வரைபடத்தைப் பார்க்காமல் காசு கட்டவேண்டாம். தம்பதியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு வேடிக்கை: எமிரேட்ஸின் புதிய 777 முதல் வகுப்பு ஒன்று-ஒன்று-ஒன்று. ஒவ்வொருவரும் தனி அறையில், கூரை வரை சுவர். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பெருங்காசு கொடுத்துப் பிரிந்து இருப்பதா என்று மனைவி கேட்டார். பதில் சொல்லவில்லை நான்.

பிரீமியம் எகொனொமி பரவாயில்லை. இடம் கொஞ்சம் கூட, படுக்கமுடியாது. பகல் விமானத்துக்கு நல்லது.

2022க்குப் பிறகு கணக்கே மாறிவிட்டது. அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. டிக்கெட் விலை டொலரில் அசையாமல் இருந்தாலும் நம் கையில் அது எகிறிவிட்டது. விடுதிக்கு ஆளே வராத காலம் அது. அப்போதுதான் எந்தப் பகுதிக்கு மட்டும் காசு போடலாம் என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன்.

பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது இது. போகும்போது எகொனொமி போதும். ரொறன்ரோவில் இறங்கினால் மகளின் கார், கொஞ்ச நேரத்தில் கட்டில். மூன்று நாள் தூங்கினாலும் கேட்க ஆளில்லை. திரும்பி வரும்போதுதான் சிக்கல். ரொறன்ரோவுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம், இரவு பகல் தலைகீழ். அந்த நிலையில் கட்டுநாயக்காவில் இறங்கி இன்னும் ஆறு மணி நேரம் வான் வண்டியில் குலுங்கி வரவேண்டும். அடுத்த நாள் விடுதிக்கு விருந்தாளி வருவார். அதனால் படுக்கை வேண்டியது ரொறன்ரோவிலிருந்து வளைகுடா வரும் அந்த ஒரு பகுதிக்குத்தான். இப்போது அதற்கு மட்டும் பிஸ்னஸ் பார்க்கிறேன். டிக்கெட் போடும் தம்பிக்கு முதலில் புரியவில்லை. "போகேக்க சொகுசாப் போங்கோ அண்ணை, வரேக்க எப்பிடியும் வரலாம்" என்றார். எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

அதையும் முழு விலைக்கு எடுப்பதில்லை. எகொனொமி எடுத்தவர்களிடம் பயணத்துக்கு முன் சில நிறுவனங்கள் மேல்வகுப்புக்கு விலை கேட்டு மின்னஞ்சல் அனுப்பும். ஆளுக்கு, பகுதிக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பார்கள். நான் வளைகுடா–கொழும்புப் பகுதியை விட்டுவிட்டு நீண்ட பகுதிக்கு மட்டும், அவர்கள் கேட்கும் குறைந்த தொகைக்குச் சற்று மேலே போடுவேன். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் கட்டுநாயக்காவுக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் ஒரு நல்ல அறை எடுத்து, குளித்து, இரவு தூங்கி, காலையில் ஆறுதலாகப் புறப்படுவோம். இருவருக்கும் சேர்த்து அந்த அறைக்குப் போகிற காசு, ஏலத்தில் போடுகிற தொகைக்குப் பக்கத்திலும் வராது. வானும் பகல் வெளிச்சத்தில் ஹபரணையைத் தாண்டும்.